நத்தையை மதிலுக்கு அப்பால் எறியாதீர்கள்



மாரி தொடங்கியதும் எங்கள் வளவெல்லாம் நத்தை. ஒரே இரவில் கீரைப் பாத்தியும் பப்பாசிக் கன்றும் மொட்டை. நாங்கள் என்ன செய்கிறோம்? பொறுக்கி மதிலுக்கு அப்பால் எறிகிறோம். இல்லாவிட்டால் உப்பைக் கொட்டுகிறோம். நாங்களும் அப்படி எறிந்தவர்கள்தான். இரண்டும் பிழை.

இது ஆபிரிக்க இராட்சத நத்தை. 1847இல் கல்கத்தாவில் விடப்பட்டு, 1900 அளவில் இலங்கைக்கு வந்தது. ஒரு தடவையில் நூறு, இருநூறு முட்டையிடும். கோடையில் ஓட்டை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். பக்கத்து வளவுக்கு எறிந்தது அடுத்த மாரிக்குக் குடும்பமாகத் திரும்பி வரும்.

உப்பு மண்ணைக் கெடுக்கும். எங்கள் நிலத்தின் அடியில் சுண்ணக்கல். மேலே கொட்டுவது மழையோடு கிணற்றுக்குத்தான் இறங்கும். மெற்றல்டிஹைட் குறுணையைத் தின்றால் நாயும் கோழியும் சாகும்.

வழி லேசானது. பொழுதுபட ஈரச் சாக்கின் கீழ் பப்பாசி இலை, கோவா இலை வையுங்கள். மஃரிபுக்குப் பிறகு டோர்ச்சோடு போனால் அங்கே கூடியிருக்கும். பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போட்டு, செத்தபின் ஆழமாகப் புதையுங்கள். மண்ணைக் கிளறி முட்டைகளையும் நசுக்குங்கள்.

வெறுங்கையால் தொட வேண்டாம். மூளையைத் தாக்கும் புழு இதில் இருக்கலாம். எங்கள் மாணவர்கள் இதை வைத்து விளையாடுவதைக் கண்டிருக்கிறோம், பெற்றோர் கவனியுங்கள். கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. ஒழுங்கை முழுவதும் ஒரே கிழமையில் இறங்குவோம். அயலவரின் கீரைப் பாத்தியும் எங்கள் பொறுப்புத்தான்.