சொந்தக் காலால் ஓடுவோம்!



ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் மகிழ்கிறது. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

2019இல் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டரில் தங்கம் வென்றார். தமிழகமே கொண்டாடியது. ஆனால், பரிசோதனையில் ஊக்கமருந்து இருப்பது தெரிந்தது. தடை செய்யப்பட்ட எதையும் தாம் உட்கொண்டதில்லை என்றார் அவர். ஆனாலும், உடலில் எது இருந்தாலும் ஓடியவரே பொறுப்பு என்பது விதி. பதக்கம் போயிற்று, நான்கு ஆண்டு தடையும் வந்தது. இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யூவுக்குத் தங்கம் கிடைத்தது. ஆனால், அன்று மேடையில் தம் நாட்டுக் கீதத்தைக் கேட்கும் பேறு அவருக்குத் திரும்பக் கிடைக்குமா?

ரஷ்யாவில் இத்தவறு பெருகியதால், 2015 முதல் 2023 வரை அந்நாட்டுத் தடகளச் சங்கமே விலக்கி வைக்கப்பட்டது. தவறு செய்யாதவர்களும் தங்கள் கொடியுடன் ஓட முடியவில்லை. ஒருவர் செய்யும் தவறு பிறரையும் சுடும்.

ஆகவே, யார் தந்தாலும் என்னவென்று தெரியாத மாத்திரை, ஊசி, சத்துப் பொடி எதுவும் வேண்டாம். பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். கடைசியாக வந்தாலும், சொந்தக் காலால் ஓடி வந்த பிள்ளைக்கே இந்த வாத்தியாரின் கைதட்டல்!