போரடிக்குதாம் சாமிக்கு!

'வில்லன்னா ஒரு காரணம் வேண்டாமா? சும்மா போரடிச்சுதுன்னு ஒரு நோட்டைத் தூக்கிக் கீழே போட்டானாம், அதை எடுத்தவன் ஊரையே கொன்னானாம். இதெல்லாம் ஒரு கதையா?'

ஜப்பானிய அனிமே பற்றிப் பேச்சு வந்தால் என் வயதுக்காரர்கள் சொல்கிற முதல் குற்றச்சாட்டு இதுதான். எனக்கும் அவர்களுக்கும் சண்டை வருவதும் இந்த இடத்தில்தான். போரடித்தது என்பதைவிட நேர்மையான காரணத்தை எந்த வில்லனும் இதுவரை சொன்னதில்லை என்பது என் கட்சி.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் உங்களுக்கும் 'டெத் நோட்' தெரிந்திருக்கும். இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 முதல் 2006 வரை ஜப்பானில் தொடராக வந்த சித்திரக்கதை. 2006-ல் டி.வி.க்கு வந்து, 37 எபிசோடு ஓடியது. ரியூக் என்று ஒரு மரண தேவன். நம்ம ஊர் எமன் மாதிரி ஆள்தான், ஆனால் எருமை கிடையாது. கையில் ஒரு நோட்டு. அதில் யார் பெயரை எழுதினாலும் ஆள் காலி. ரியூக் அந்த நோட்டில் ஒன்றை பூமியில் போடுகிறான். லைட் என்கிற கெட்டிக்காரப் பையன் எடுக்கிறான். 'ஏன் போட்டாய்?' என்று கேட்டால், பழி வாங்க, பாடம் புகட்ட என்றெல்லாம் ரியூக் கதை விடுவதில்லை. போரடித்ததாம். அவ்வளவுதான். உபயோகிக்கும் விதிமுறைகளைக்கூட இங்கிலீஷில் எழுதிப் போட்டிருக்கிறான். கேட்டால், மனுஷங்க உலகத்தில் அதுதானே ரொம்பப் பேருக்குத் தெரியும் என்கிறான். சோம்பேறிதான், ஆனால் மார்க்கெட் தெரிந்த சோம்பேறி!

நம் சினிமா வில்லனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் வேண்டும். சின்ன வயதில் யாரோ அடித்திருக்க வேண்டும், அப்பாவை யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும். அடிபட்டவன்தான் கெட்டவன் ஆவான் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். அடியே படாதவன், பசியே தெரியாதவன், சாவே இல்லாதவன் என்ன செய்வான் என்று யாரும் யோசிக்கவில்லை. ஜப்பான்காரன் யோசித்திருக்கிறான்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுகிற புத்தி. ரியூக்கின் உலகத்துக் கணக்கைப் பாருங்கள். ஒரு மனுஷனின் பெயரை எழுதினால், அவன் வாழ வேண்டிய மிச்ச வருஷமெல்லாம் எழுதிய தேவனின் ஆயுளில் ஏறிவிடும். எப்போதாவது ஒரு பெயர் எழுதினால் போதும், காலத்துக்கும் கவலையில்லை. அதனால் அங்கே எல்லாரும் சூதாடுகிறார்கள், தூங்குகிறார்கள். எவனாவது மும்முரமாகப் பெயர் எழுதினால், 'என்னப்பா, இப்படி உழைக்கிறே!' என்று மற்றவர்கள் சிரிப்பார்களாம். முதல் போடாத லாபம். அந்த லாபத்தில் விளைவதுதான் இந்தப் போர்.

எங்கள் மல்லாங்கிணறு பக்கம் பழைய ஆட்களிடம் 'போர்' என்ற சொல்லே கிடையாது. அலுப்பு உண்டு. சடவு உண்டு. 'அலுப்பா இருக்குய்யா' என்றால் நாள் முழுக்க வேலை பார்த்து உடம்பு ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலை செய்து வருவது அலுப்பு. வேலையே இல்லாமல் வருவது போர். இரண்டையும் ஒன்று என்று நினைக்காதீர்கள், ப்ளீஸ்.

'இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு சார், நம்ம பிள்ளைங்க மனசைக் கெடுக்குது' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பங்குனிப் பொங்கலுக்கு நம் ஊர்களில் ராத்திரி முழுக்க ஸ்பெஷல் நாடகம் நடக்குமே... அதில் அரிச்சந்திரன் ஏன் சுடுகாட்டுக்கு வந்தான்? இந்திர சபையில் ஒரு பேச்சு. பொய்யே சொல்லாதவன் அரிச்சந்திரன் என்றார் வசிஷ்டர். சொல்ல வைக்கிறேன் பார் என்றார் விசுவாமித்திரர். பந்தயம் கட்டியாயிற்று. ராஜ்ஜியம் போச்சு, பெண்டாட்டியை விற்றான், பிள்ளையைப் பாம்பு கடித்தது. செத்த பிள்ளையைத் தூக்கி வந்த தாயிடமே சுடுகாட்டுக் கூலி கேட்டு நின்றான். விடிகிற நேரத்துக்கு எல்லாத் தேவர்களும் வந்து, 'சும்மா சோதித்தோம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவோம். வேலை இல்லாத சபையில் கட்டிய ஒரு பந்தயத்துக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை இது. ரியூக்கை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

பக்தர்கள் கோபப்பட வேண்டாம். அவர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். இறைவன் செய்வது லீலை. அது சலிப்பில் பிறந்ததல்ல, நிறைவில் பிறந்தது. பிரம்ம சூத்திரத்திலேயே இந்த விவாதம் இருக்கிறது. ஆசையெல்லாம் நிறைவேறிவிட்ட ஒரு ராஜா விளையாடுவது போல என்று ஆதிசங்கரர் உரையில் உவமை சொல்கிறார். அருமையான உவமை. ஆனால், விளையாடுகிற ராஜாவுக்குத்தான் அது நிறைவா, சலிப்பா என்ற வித்தியாசம். காயாக உருட்டப்படுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே சமயம், நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஜப்பான்காரனிடம் காலரைத் தூக்கி விடலாம். மதுரையில் வைகைக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மண் போட வேண்டும் என்பது பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. சொக்கநாதர் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. சாப்பிடுகிறார், பாடுகிறார், ஆடுகிறார், தூங்குகிறார், வேலை மட்டும் நடக்கவில்லை. சரியான ஓபி! பாண்டியன் பிரம்பால் ஒன்று வைக்கிறான். அந்த அடி ராஜா முதுகு உட்பட எல்லா உயிர் மேலும் விழுகிறது. திருவிளையாடல் 64-ல் எனக்கு இதுதான் உசத்தி. ஏன் தெரியுமா? விளையாட வந்தவர் மண் கூடையைத் தலையில் வைத்தார், பிரம்படியை முதுகில் வாங்கினார். ரியூக் என்ன செய்தான்? லைட் பையன் தோளுக்குப் பின்னால் நின்று ஆப்பிள் தின்றான். கடைசியில் அவன் பெயரையும் தன் நோட்டில் எழுதிவிட்டுப் போனான். விளையாடினாயா, சரி. அடி யார் முதுகில்? என் கேள்வி அவ்வளவுதான்.

இதைவிட ஒரு படி மேலே போனவள் ஹருஹி சுசுமியா. 2006-ல் வந்த அனிமே. பள்ளிக்கூடப் பெண். உலகத்தையே மாற்றி எழுதுகிற சக்தி தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. அவளுக்குப் போரடித்தால் உலகம் காலி. ஆகவே அவளைச் சுற்றி மூன்று பேருக்கு முழுநேர வேலை, அவளுக்குப் போரடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஆபீஸில் மேனேஜர் முகம் பார்த்தே மூட் சொல்கிற ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2009-ல் வந்த பகுதியில் ஒரு விஷயம். ஹருஹிக்குக் கோடை விடுமுறை திருப்தியாக முடியவில்லை. அதனால் ஆகஸ்ட் 17 முதல் 31 வரை மறுபடி மறுபடி ஓடுகிறது. கிட்டத்தட்ட ஒரே கதையை எட்டு வாரம் போட்டார்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கதைப்படி 15,532-வது தடவையில்தான் வெளியே வருகிறார்கள், அதுவும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து லீவு ஹோம்வொர்க் முடித்ததால்! ஒவ்வொரு தடவையும் ஹருஹிக்கு எல்லாம் மறந்துவிடும். மறக்காதவள் ஒரே ஒருத்தி. நாகாட்டோ. கண்காணிக்க அனுப்பப்பட்டவள். சுமார் 594 வருஷம், அதே நீச்சல்குளம், அதே வாணவேடிக்கை, அதே திருவிழா... அத்தனையும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சலிப்பு முதலாளிக்கு, அதைச் சுமக்கிறவள் வேலைக்காரி. இதைச் சொன்ன கதையையா காரணமில்லாத கதை என்கிறீர்கள்?

வாணவேடிக்கை என்றதும் சிவகாசி ஞாபகம் வராமல் இருக்குமா? எங்கள் மாவட்டத்துப் பெண்களின் வேலையைப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குவது, வீட்டில் பெட்டி ஒட்டுவது, பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுவது. காலையில் எடுத்த அதே திரி, அதே வெடி, அதே முடிச்சு, சாயங்காலம் வரை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. 'போரடிக்குது' என்று கையை நிறுத்தினால் கூலி நின்றுவிடும். மருந்து ரூமில் என்றால் கவனம் சிதறினாலே போதும், ஒரு உராய்வில் முடிந்துவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, காப்பாற்ற ஓடிப்போனவர்களும்.

இந்தச் சரக்கு எங்கே போகிறது? மொட்டை மாடிக்கு. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னதும் நாம் என்னமாய்க் குதித்தோம்! பண்டிகையே போச்சு என்றோம். ராக்கெட் போன வருஷமே விட்டாச்சு, புதுசா ஃபேன்சி ரகம் என்ன வந்திருக்கு என்று கடைக்காரரைக் குடைகிறோமே, அந்தக் கேள்வியில் கொஞ்சம் ரியூக் இல்லையா? வானத்தில் பூப்பூவாய் நிறம் காட்டுவது மணி மருந்து. அதைக் கையால் தொட்டு அடைத்த ஒருத்தி இருக்கிறாள்.

வெடிக்காதே என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வெடிக்காவிட்டால் அவளுக்குக் கூலி இல்லை என்பதும் அதே பேரேட்டில்தான் எழுதியிருக்கிறது. சொக்கநாதர் மாதிரி ஒரு கூடை மண் சுமக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அடுத்த முறை உங்கள் பையன் டி.வி. முன்னால் உட்கார்ந்து டெத் நோட் பார்க்கும்போது, ரிமோட்டைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்காருங்கள். ரியூக் வரும் காட்சியில் அவனுக்கு வேண்டிய ஆப்பிளை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.