கோப்பையும் அண்டாவும்

அதியமான்கோட்டையில் இருக்கும் என் அத்தைக்கு ரக்பி ஆட்டத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு என்றால் நம்புவீர்களா, நேயர்களே? சென்ற மாதம் வரை எனக்கே தெரியாது.

நான் போய் இறங்கிய அன்று அத்தை வீட்டுத் திண்ணையில் சிறு மாநாடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கியதே இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான். அத்தையின் குழுவும் பழைய குழு. இருபது பேர் இருந்தது போய் இப்போது ஏழே பேர். சிலர் பிள்ளைகளோடு ஓசூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். சிலர் ஒரேயடியாகவே போய்விட்டார்கள். கடன் பாக்கி கிடையாது, குழுவை மூடிவிடலாம் என்று தீர்மானம். பாஸ் புத்தகத்தில் மிச்சமிருக்கும் பணத்தைப் பங்கு போடுவதா வேண்டாமா என்பதுதான் வழக்கு. கிடைத்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஒளவைக்குக் கொடுத்தவன் பெயர் வைத்த ஊர் பாருங்கள், வழக்குக்குப் பொருத்தமான இடம்தான்!

அத்தையின் பேரன் இதிலெல்லாம் பட்டுக்கொள்ளாமல் செல்போனில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் கண்ணு, பந்தை வச்சிருக்கிறவனை ஏன் இப்படிக் கட்டிப் புரள்றானுங்க?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

சொன்னேன். கோழிமுட்டை போல நீண்ட பந்து. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் முன்னால் நிற்பவனுக்கு வீசக் கூடாது, பின்னால் வருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் முதல் பிரிவுப் போட்டியில் ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக ஒரு புள்ளி உண்டு. இந்த ஆறுதல் புள்ளி அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தப் பிரிவில் 2022 செப்டம்பரில் தொடங்கிய பருவத்தில் பதின்மூன்று சங்கங்கள் இருந்தன. ஒரே மாதத்தில் ஊஸ்டர் திவால். அக்டோபரில் வாஸ்ப்ஸ் திவால். வாஸ்ப்ஸ் என்றால் லேசுப்பட்டதல்ல. 1867-ல் பிறந்த சங்கம். 2014-ல் கவென்ட்ரி நகருக்குப் பெயர்ந்து, பெரிய அரங்கம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மறு வருஷம் கடன் பத்திரம் போட்டு மூன்றரைக் கோடி பவுன் திரட்டினார்கள். 2022 மே மாதம் தவணை வந்தது, பணம் வரவில்லை. ஆட்டக்காரர்களும் சிப்பந்திகளுமாக 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று.

"ஆடறவனுக்கு எதுக்குச் சொந்தத்திலே அரங்கம்?" என்றார் அத்தை.

அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நடுவில் கொரோனா வந்து அரங்கங்கள் பூட்டிக் கிடந்தன அல்லவா? எப்படியோ, 2023 மே 27-ல் சாரசென்ஸ் சங்கம் சேல் சங்கத்தை 35-25 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. பத்தே நாளில் லண்டன் ஐரிஷும் நீக்கப்பட்டது. அடுத்த பருவத்துக்கு மிஞ்சியவை பத்து. ஊஸ்டர் மட்டும் 2025-ல் இரண்டாம் பிரிவில் மறுபடி தலைகாட்டியது.

"கடனோட மூடினவங்க கதை கிடக்கட்டும். எங்களை மாதிரி மிச்சம் வச்சு மூடினவன் எவனாவது உண்டா?"

உண்டு, நம் கல்கத்தாவிலேயே! 1873-ல் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி சங்கம் ஆரம்பித்தார்கள். அங்கத்தினர்களுக்கு மது இலவசம். அதை நிறுத்தியதும் கூட்டம் கரைந்தது. (சிநேகம் எதன் மேல் என்று புரிகிறதல்லவா?) வெயிலில் இந்த ஆட்டத்தைவிட டென்னிஸும் போலோவும் மேல் என்று மற்றவர்களும் நழுவினார்கள். கடைசியில் வங்கியில் இருந்த 270 வெள்ளி ரூபாயை எடுத்து, உருக்கி, கோப்பையாக வார்த்தார்கள். கைப்பிடிகள் மூன்று நாகங்கள்; மூடி மேல் ஒரு யானை. 1878-ல் அதை லண்டனிலுள்ள ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வருஷாவருஷம் சங்கங்கள் அதற்காக மோத வேண்டும் என்பது அவர்கள் ஆசை. யூனியனோ இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆட்டத்துக்கு அதை வைத்துவிட்டது. 1879 முதல் இன்றுவரை அதே ஏற்பாடுதான். இங்கிலாந்துச் சங்கங்களுக்கென்று லீக் பந்தயம் வந்தது 1987-ல்தான்!

"கொடுத்தப்புறம் நம்ம பேச்சு எங்கே எடுபடும்?" என்றார் அத்தை. 1988-ல் இரண்டு ஆட்டக்காரர்கள் குடிவெறியில் அந்தக் கோப்பையை எடின்பரோ வீதியில் உருட்டி நசுக்கியதையும் சொன்னேன். "நசுங்காம இருக்குமா? இரவல் பாத்திரம்தானே!"

பிறகுதான் யோசனை சொன்னார்: தெருவுக்குப் பொதுவாக ஒரு பெரிய அண்டா. விசேஷமா, துக்கமா, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து பேர் தலையாட்டினார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மாள் மட்டும் ஆட்டவில்லை. "அந்தத் துரைகளுக்கு மாசாமாசம் சம்பளம் வந்திருக்கும், அக்கா. எனக்கு மாத்திரைக்குப் பணம் வேணும்" என்றார், தரையைப் பார்த்தபடி.

என் கல்கத்தாக் கதையில் இதற்குப் பதில் இல்லை. சற்று நேரம் யாரும் பேசவில்லை.

"உன் பங்கை நீ வாங்கிக்க. நாங்க ஆறு பேர் பணத்திலே எது வருதோ அதை வாங்கறோம். கொஞ்சம் சின்ன அண்டாவா இருந்தாப் போகுது" என்றார் அத்தை. "ஆனா ஏழு பேரையும் வெட்டணும். இருபத்தஞ்சு வருஷம் சேர்ந்து கட்டியிருக்கோம்."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்டாவில் யார் பெயரை முதலில் வெட்டுவது என்ற அடுத்த வழக்கு, நான் சேலத்து பஸ் ஏறும் வரை தீரவில்லை.