எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தது

சனிக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்து நான் வீடு திரும்பும்போது அப்பா வாசலில் நாளிதழோடு உட்கார்ந்திருப்பார். அன்று நாளிதழ் பிரிக்கப்படாமல் கிடந்தது. அப்பா பிக்கப்பின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் நல்ல தே தாரிக் நிறத்தில் இருந்தது. நுரை உட்பட.

"தண்ணி கலந்துருச்சுமா," என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் பசியாறாமலே படுத்துவிட்டார்.

வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு (வாசகர்களே என்று எழுத வேண்டிய இடம், கை பழக்கத்தில் போகிறது) அந்த நிறத்தின் பொருள் தெரியும். ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயோடு கலந்தால் அப்படித்தான் ஆகும். அதிர்ஷ்டம் இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இல்லையென்றால் எங்கோ விரிசல்.

எங்கள் வண்டி டட்சன் 1200 பிக்கப். ஜப்பானில் 1971இல் சன்னி டிரக் என்ற பெயரில் வந்தது. அங்கே 1994 வரை தயாரித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் நிசான் 1400 என்று பெயர் மாறி 2008 வரை விற்றது. ஒரு சின்னப் பிக்கப்புக்கு இவ்வளவு நீண்ட ஆயுள்! நம் ஊரில் இதன் அண்ணன் தம்பியை எல்லாருக்கும் தெரியும்: டட்சன் 120ஒய். இரண்டிலும் உள்ளே இருந்தது ஏ12 என்ற அதே 1171 சிசி என்ஜின்தான். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ "120ஒய் மாதிரி வண்டி வராது" என்று சொல்லியிருந்தால், அவர் பாதிக்குப் பாதி அந்த என்ஜினைத்தான் புகழ்ந்திருக்கிறார்.

அப்பா கோயில்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாழையிலை, வாழைமரம், தேங்காய் கொண்டுபோய்க் கொடுத்தவர். மாசாய், பிளந்தோங், கோத்தா திங்கி என்று இந்த வண்டி போகாத பந்தல் இல்லை. தம்பி பிறந்த இரவு அம்மாவைச் சுல்தானா அமினா மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் இதே வண்டிதான். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ ஒருவர் கல்யாணத்துக்கான வாழையிலைக் கட்டுகள். மறுநாள் காலை அந்த இலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

தம்பி பெரியவனாகி, வேலைக்குச் சிங்கப்பூர் போய்வர ஆரம்பித்ததும், கையில் காசு வந்ததும், வண்டியைத் தரையோடு தாழ்த்தினான். அகல ரிம் போட்டான். பின் பம்பரைக் கழற்றினான். "ஹாட் ராட்க்கா" என்றான். அப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த ரிம்மை அவரே துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது என்ஜின்.

பெர்மாஸ் ஜெயாவில் எங்களுக்குப் பழக்கமான ஃபோர்மேன் அண்ணன் பட்டறையில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருந்தது. அது போகட்டும், மட்டம் பிடித்துவிடலாம். பிளாக்கில் விரிசல். போதாக்குறைக்கு உருளைகளை ஏற்கெனவே இரண்டு முறை குடைந்தாகிவிட்டது. என்ஜின் தேயத் தேய உருளையைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, பெரிய பிஸ்டன் போடுவார்கள். சுவர் மெலிந்த பிறகு மேலும் குடைய இடம் இருக்காது. ஸ்லீவ் அடிக்கலாம், விரிசலை ஒட்டலாம், ஆனால் "இதுக்குச் செய்யற செலவுல வேற என்ஜினே வாங்கிடலாம்மா" என்றார் அவர். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும். தேவையில்லாத வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஃபோர்மேன் அவர்.

வேறு என்ஜின் என்றால் எது? எங்கள் வீட்டில் மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் இந்தக் கேள்விதான் பரிமாறப்பட்டது.

தம்பி தொலைபேசியில் படமே வைத்திருந்தான். நிசான் சில்வியாவில் வந்த எஸ்ஆர்20டிஇடி. இரண்டு லிட்டர், டர்போ, 205 குதிரைத்திறன். எங்கள் ஏ12 புதிதாக இருந்தபோது தொழிற்சாலைக் கணக்கில் 68. அதாவது மூன்று மடங்கு. வண்டியின் எடையோ ஏறத்தாழ 700 கிலோ. "பறக்கும்க்கா!" பறக்கும்தான். இறங்குவது எப்படி என்றுதான் எனக்குக் கவலை. எங்கள் பிக்கப்பில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மழையில் நனைந்தால் முதல் மிதியில் பிடிக்காது. ஒரு பிரார்த்தனைக்கும் இரண்டாம் மிதிக்கும் பிறகு பிடிக்கும்.

அவனுடைய இரண்டாவது ஆசை டொயோட்டா 4ஏ-ஜிஇ. 1587 சிசி, 16 வால்வு, 1983இல் ஏஇ86 காரோடு வந்தது. இது கொஞ்சம் நியாயமான ஆசை. என்ஜின் சிறியது, எடை குறைவு, பின் சக்கரத்தை ஓட்டும் கியர் பெட்டியோடு கிடைக்கும். ஆனால் 1995இல் இனிஷியல் டி என்ற ஜப்பானியப் படக்கதை தொடங்கியதிலிருந்து அந்தக் காரும் என்ஜினும் தங்கம் மாதிரி ஆகிவிட்டன. தம்பி சொன்ன தொகையைக் கேட்டு அம்மா, அந்தப் பணத்தில் சமையலறையையே புதிதாக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்படியானால் மலிவாகக் கிடைப்பது எது? பழைய புரோட்டோன் சாகா என்ஜினை ஏன் போடக்கூடாது என்று கேட்டேன். அண்ணன் சிரிக்காமல் விளக்கினார். சாகாவில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கும். டட்சனில் நெடுக்காக உட்கார்ந்து நீண்ட ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்தைத் தள்ளும். என்ஜினைத் திருப்பி வைப்பதோடு வேலை முடியாது. பொருந்துகிற கியர் பெட்டி வேண்டும், ஷாஃப்டின் நீளம் மாற வேண்டும், பிடிகளைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும், எண்ணெய்த் தொட்டி கீழே இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் என்ஜின் என்றால் அதிக அழுத்தமுள்ள எரிபொருள் பம்ப், ஒயரிங், கணினி எல்லாம் சேரும். "என்ஜின் விலை பாதிதான்மா, மீதிப் பாதி அதை உட்கார வைக்க," என்றார். மின்சார மோட்டார் பற்றியும் கேட்டு வைத்தேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இதற்கிடையில் நான் நிகழ்ச்சிக்குத் தயார் செய்வதுபோல இந்த ஹாட் ராட் சமாச்சாரத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களில் பையன்கள் பழைய ஃபோர்ட் கார்களைப் பிரித்து, தேவையில்லாத தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்ட் ஒரு வி8 என்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. 3.6 லிட்டர், வெறும் 65 குதிரைத்திறன். அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. உலகப் போர் முடிந்து வந்த இளைஞர்கள் அதையே தேடினார்கள். 1955இல் செவ்ரோலெட் தன் சிறிய வி8ஐ வெளியிட்டது. 4.3 லிட்டர், 162 குதிரைத்திறன். சில ஆண்டுகளில் உடைந்த செவ்ரோலெட்டுகள் பழைய இரும்புக் கடைகளில் குவிய, எல்லாரும் அதற்குத் தாவினார்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பையன்கள் உலகத்திலேயே சிறந்த என்ஜினைத் தேடவில்லை. தங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் எது அதிகம் கிடந்ததோ, எதற்கு உதிரிப்பாகம் மலிவோ, அதை எடுத்தார்கள். தம்பி காட்டிய படங்களில் இருப்பது அந்த ஹாட் ராட்டின் பணக்காரப் பேரன். அப்படியானால் ஜோகூரில் எங்களுக்குச் சரியான கேள்வி: நம் ஊர்க் கடையில் டட்சனுக்குச் சொந்தமாக எது கிடக்கிறது?

அப்பாவிடம் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வேனெட்."

பள்ளி வேனாகவும் ரொட்டி வேனாகவும் நாம் ஏறி இறங்கிய நிசான் வேனெட்டில் வந்த ஏ15, எங்கள் ஏ12இன் உடன்பிறப்பு. 1488 சிசி. கால் பங்குக்கு மேல் பெரியது. ஏ12இல் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், ஏ15இல் 82. அதனால் குறைந்த வேகத்திலேயே இழுவை அதிகம், சுமை வண்டிக்கு அதுதான் வேண்டும். பழைய கியர் பெட்டியே சேரும். பிளாக் கொஞ்சம் உயரம் என்பதால் காற்று வடிகட்டி மூடியில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியையும் சில பிடிகளையும் பழைய என்ஜினிலிருந்து கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்றார் அண்ணன். அவ்வளவுதான். கணினி இல்லை, கார்புரேட்டர்தான். அப்பாவுக்கே திருப்புளியோடு சரிசெய்யத் தெரியும்.

தம்பி முகம் சுருங்கிவிட்டது. "ரொட்டி வேன் என்ஜினாக்கா?"

அவனைச் சமாதானப்படுத்தியது நான் இல்லை, பாசீர் கூடாங்கில் இருக்கும் ஒரு நேயர். அவர் எனக்கு அனுப்பிய குரல் பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். என்ஜின் மாற்றிய பழைய காரொன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். கிராண்டில் ஒரு எண், என்ஜினில் வேறொரு எண். விற்றவரோ தொலைபேசியை எடுப்பதில்லை. பெயர் மாற்றப் போனால் புஸ்பாகோம் சோதனையில் என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தானே முதலில் பார்ப்பார்கள்? கார் இப்போது அவர் வீட்டுப் பின்னால் நிற்கிறது, மேலே துணி காய்கிறது.

இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டறைப் பேச்சில் இது கடைசியாகத்தான் வரும். என்ஜின் மாற்றினால் ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும், புஸ்பாகோம் சோதனை வேண்டும், கிராண்டில் புதிய என்ஜின் எண் ஏற வேண்டும். பொட்டோங் கடையில் ஹாஃப்கட் வாங்கினாலும் சரி, உள்ளூர் வண்டியிலிருந்து எடுத்தாலும் சரி, ரசீதும் அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்று காட்டும் தாளும் கையில் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். மாட்டிவிட்டுப் போய்க் கேட்பதைவிட, கேட்டுவிட்டு மாட்டுவது உத்தமம். தாள் இல்லாத 205 குதிரைகளைவிடத் தாள் உள்ள ரொட்டி வேன் மேல் என்று தம்பியே கடைசியில் சொன்னான், கொஞ்சம் கசப்போடுதான்.

பதிலுக்கு அவனுக்கு ஒன்று கொடுத்தோம். என்ஜினுக்கு முன்னால் பிரேக். 120ஒய் காரின் முன்பக்க டிஸ்க் பிரேக் இந்தப் பிக்கப்புக்குச் சேரும். ஒரு ஜோடி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்தது முழுக்க அவன்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நான்காவது வாரம் எண்ணெய்க் கையோடு வந்து, "உன் நிகழ்ச்சியில விளம்பரம் போட்டிருந்தா ஒரே நாள்ல கிடைச்சிருக்கும்" என்று என்னைத் திட்டினான்.

என்ஜின் பார்க்கப் போனபோது அப்பாவும் வந்தார். 72 வயது, முழங்கால் வலி, பெர்மாஸ் பாலம் தாண்டியதிலிருந்து எதுவும் பேசவில்லை. கடையில் மரச்சட்டத்தின் மேல் நின்றது அந்த ஏ15. பேட்டரியைக் கட்டி, அண்ணன் ஒவ்வொரு உருளையாக அழுத்தம் அளந்தார். நான்கும் 170க்கு மேல், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. தனி எண்ணைவிட நான்கும் ஒத்திருப்பதுதான் முக்கியம் என்றார். பிறகு ஒரு டின்னில் பெட்ரோல் ஊற்றி ஓடவிட்டார்கள்.

அப்பா நீளமான திருப்புளி ஒன்றை வாங்கினார். அதன் நுனியை என்ஜின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கொண்டு குனிந்து நின்றார். ஒலிப்பதிவு அறையில் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு நான் நிற்பது அப்படியேதான். இத்தனை ஆண்டு இந்த வேலை செய்கிறேன், காது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. ஒரு இடத்தில் கேட்டு, இன்னோர் இடத்துக்கு நகர்ந்து, மறுபடி முதல் இடத்துக்கே வந்தார். தம்பியைக் கூப்பிட்டுத் திருப்புளியை அவன் காதில் வைத்தார்.

"டப்பட் சத்தம் கேக்குதா? அது இருக்கணும். அதுக்குக் கீழ டக்டக்குன்னு ஏதாச்சும்?"

"இல்லப்பா."

"அப்ப வாங்கலாம்."

பழைய ஏ12 பிளாக்கை விற்க அப்பா சம்மதிக்கவில்லை. கிராண்டில் இனி அந்த எண் இருக்காது என்று தெரிந்ததும், ஒரு துண்டுத் தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுத்துக்கொண்டார். பிளாக் இப்போது பின்வாசலில் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா அதன் மேல் மிளகாய் காயவைக்கிறார்.

வரும் வியாழக்கிழமை சோதனைக்கு நாள் கிடைத்திருக்கிறது. யார் ஓட்டிக்கொண்டு போவது என்று தம்பியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். எட்டிப் பார்த்தால், அப்பா வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.