சுடர் நீலமாக எரியட்டும்

மதிப்பிற்குரிய ஈரோடு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளில் இரண்டு இடங்களில் நெருப்பு மூட்டுகிறார்கள். ஒன்று சத்துணவுக் கூடம், மற்றொன்று வேதியியல் ஆய்வகம். இரண்டும் வெவ்வேறு துறைகளின் பொறுப்பு. மாவட்ட அளவில் இரண்டையும் ஒருசேரப் பார்க்கக்கூடியவர் தாங்கள் என்பதால் எழுதுகிறேன்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதற்குப் பிறகு கூரைகள் மாறின. அடுப்பைப் பற்றவைக்கும் கைக்கும் பயிற்சி வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவும் வந்துவிட்டது. விடிந்ததும் எரியத் தொடங்கும் அடுப்பு மதியம் வரை ஓய்வதில்லை.

பொங்கல் பொங்கி வழிந்தால் பர்னர் துளைகள் அடைபடும். காற்று சரியாகக் கலக்காமல் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி படியும். சமையலர் அந்தக் கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்துப்போகிறார். துளையைச் சுத்தம் செய்தால் சுடர் நீலமாகி, கரியும் நிற்கும், கேஸும் மிச்சமாகும் என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அப்போது ஃபேன், லைட் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறி, 1906-க்கு அழைக்க வேண்டும். கசிவைச் சோப்பு நுரையால்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சியால் ஒருபோதும் கூடாது.

ஆய்வகத்திலும் இதே அறிவியல்தான். புன்சன் பர்னரின் காற்றுத்துளையை முதலில் மூடி, எரியும் குச்சியைக் குழாய் வாயருகே பிடித்து, பிறகே கேஸைத் திறக்க வேண்டும். பற்றியபின் துளையை மெல்லத் திறந்தால் சுடர் நீலமாகும். மஞ்சள் சுடரில் சோதனைக்குழாய் கரியேறும், உப்பின் நிறமும் தெரியாது. சுடர் குழாய்க்குள் இறங்கி இரைந்தால் உடனே கேஸை மூடி, பர்னர் ஆறியபின்பே மீண்டும் பற்றவைக்க வேண்டும். சாராய விளக்கோ இன்னும் ஆபத்தானது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்துச் சாராயம் ஊற்றினால் தீ பாட்டிலுக்கே தாவும்.

எனவே மூன்று கோரிக்கைகள்:

1. ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒவ்வொரு சமையற்கூடத்திலும் டியூப், ரெகுலேட்டர், பர்னர் மூன்றையும் சோதித்து, டியூப் மாற்ற வேண்டிய தேதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

2. செய்முறை வகுப்புகள் தொடங்கும் முன் ஒவ்வொரு மாணவரும் ஆசிரியர் முன்னிலையில் பர்னரைத் தன் கையால் பற்றவைத்து, அணைத்துப் பழக வேண்டும். மணல் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

3. தீயணைப்புத் துறையினரும் கேஸ் மெக்கானிக்குகளும் பள்ளிகளுக்கே வந்து பயிற்சி தர வேண்டும். இதைப் பர்கூர் மலைப் பள்ளிகளிலிருந்து தொடங்குங்கள். அந்தியூரிலிருந்து மலைப்பாதையில் தீயணைப்பு வண்டி ஏறி வருவதற்குள், முதல் சில நிமிடங்களைச் சமாளிக்க வேண்டியவர்கள் அங்குள்ள சமையலரும் ஆசிரியரும்தான்.

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. தாங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் அதைப் பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவி ஒருவரின் தாய்,
அந்தியூர்.