பேரரசருக்கு மட்டும் வரும் அறச்சங்கடம்

போன மாதம் விடுதி அறையில் நாங்கள் நான்கைந்து ஆய்வு மாணவர்கள் சேர்ந்து ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்து முடித்தோம். 2005இல் தொடங்கி 2008இல் முடிந்த அமெரிக்க அனிமேஷன் தொடர், 61 பகுதிகள். கடைசிப் பகுதி முடிந்ததும் ஒரு தம்பி, “ஐரோ மாதிரி ஒரு பெரியப்பா நமக்கு வாய்க்கலையே” என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். “ஹாமா?” என்று கேட்டேன். “அந்தச் சூனியக்காரக் கிழவியா?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. நெருப்பு நாடு நூறு ஆண்டுகளாக உலகத்தின் மீது போர் தொடுத்திருக்கிறது. காற்று நாடோடிகள் என்ற ஒரு மக்களினத்தையே அழித்துவிட்டது. எஞ்சியவன் ஆங் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டுமே. பேரரசர் ஓசாயை அவன் வீழ்த்தியாக வேண்டும். ஆனால் அவனை வளர்த்த துறவிகள் கொல்லாமையைக் கற்பித்தவர்கள். கொல்லலாமா, கூடாதா? குழந்தைகள் தொடர் ஒன்று இவ்வளவு ஆழமான கேள்வியைக் கேட்டுவிட்டதே என்று இன்றுவரை புகழ்கிறார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். அது எப்போது வருகிறது என்று பாருங்கள். முதல் பருவத்தின் முடிவில் வட துருவத்தை முற்றுகையிட்ட நெருப்பு நாட்டுக் கப்பற்படையை ஆங் கடலின் ஆவியோடு ஒன்றாகிச் சிதறடிக்கிறான். அந்தக் கப்பல்களில் இருந்த சிப்பாய்கள் எத்தனை பேர்? யாரும் எண்ணவில்லை. அடுத்த பருவத் தொடக்கத்தில் அவனுக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன, உண்மை. ஆனால் அவன் தன் வெறியைக் கண்டுதான் அஞ்சுகிறான், மூழ்கியவர்கள் அந்தப் பேச்சில் இல்லை. கடைசிப் போரில் வான்கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி விழுகின்றன. அப்போதும் எவருக்கும் சங்கடம் இல்லை. கழுத்து ஓசாயுடையது என்றானபோதுதான் அறம் விழித்துக்கொள்கிறது. கூலிக்கு வந்த சிப்பாயின் சாவு போர், மன்னரின் சாவு மட்டும் தத்துவப் பிரச்சினை!

இன்னொன்றையும் தொடரே காட்டியிருக்கிறது. மூன்றாவது பகுதியில் ஆங் தன் ஆசான் கியாட்சோவின் எலும்புக்கூட்டைக் காண்கிறான். சுற்றிலும் நெருப்பு நாட்டுச் சிப்பாய்களின் எலும்புகள். கொல்லாமை கற்பித்த துறவி கடைசி நொடியில் என்ன செய்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கடைசிப் பகுதிகளில் ஆங் தன் முற்பிறவி அவதாரங்களிடம் வழி கேட்கிறான். அவர்களில் யாங்சென் அவனைப் போலவே காற்று நாடோடி. அவர் சொல்வது இதுதான்: உன் ஆன்மாவின் தேவையை ஒதுக்கிவை, உலகத்தைக் காப்பது உன் கடமை. தொடர் முழுவதிலும் நேர்மையான பதில் அது ஒன்றே என்பேன். அதைச் சொல்ல வைத்துவிட்டு, தொடர் ஓடிவிடுகிறது. சிங்க ஆமை ஒன்று எங்கிருந்தோ வந்து புதிய ஆற்றலைத் தருகிறது. ஓசாயின் சக்தி பறிக்கப்படுகிறது, உயிர் தப்புகிறது, ஆங்கின் தூய்மையும் தப்புகிறது. எதையும் இழக்காமல் தாண்டக்கூடிய ஒன்றுக்குப் பெயர் சங்கடமா? (தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சற்று உஷாராகிவிடுகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

அறையில் ஒரு தோழி மறுத்தார். “அழிக்கப்பட்ட இனத்தின் கடைசி ஆள் அவன். அந்த அறத்தையும் அவன் கைவிட்டால் ஓசாய் முழுதாக வென்றதாகாதா?” வலுவான வாதம், ஏற்கிறேன். ஆனால் அந்த அறத்துக்கு ஒரு விலை இருந்திருக்க வேண்டாமா? அந்தச் சலுகை ஏன் ஹாமாவுக்கு இல்லை?

ஹாமா தென் துருவ நீர்க்குடிப் பெண். நீரை ஆட்டுவிக்கும் ஆற்றல் கொண்ட அவருடைய மக்களை நெருப்பு நாடு ஒவ்வொருவராகப் பிடித்துப் போனது. கடைசியாகச் சிக்கியவர் அவர். ஈரமே இல்லாத காற்றில், தொங்கும் கூண்டில் அடைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போதும் கைகால்கள் கட்டப்பட்டிருந்தன. முழுநிலவு இரவில், எலிகளின் உடம்பிலும் ரத்தம் நீர்தானே என்று கண்டுபிடிக்கிறார். ரத்தத்தை ஆட்டுவிக்கும் கலை அப்படிப் பிறந்தது. பிற்பாடு அதை வைத்து நெருப்பு நாட்டுச் சாதாரணக் கிராமத்தவர்களைக் கடத்தி மலைக்குள் அடைக்கிறார். அது குற்றம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தொடர் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு பகுதி. அதன் முடிவில் நெருப்பு நாட்டின் சங்கிலி இரண்டாம் முறையாக அவர் கைகளில் ஏறுகிறது. இம்முறை அதற்கு உதவியவர்கள் அவருடைய குடியின் பிள்ளைகள், கட்டாராவும் சொக்காவும்.

ஐரோவோ பா சிங் செ நகரை 600 நாள் முற்றுகையிட்ட தளபதி. அந்த நகரை எரிக்காமல் விட்டால் நீங்களும் வந்து பார்க்கலாம் என்ற பொருளில் வீட்டுக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதியவர். குடும்பம் அதைப் படித்துச் சிரித்தது. மகன் போரில் இறந்த பிறகு மனம் மாறினார். பின்னாளில் அதே நகரை விடுவிக்கவும் வந்தார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த 600 நாளில் மதிலுக்கு உள்ளே செத்தவர்களின் வீட்டார் யாரும் திரையில் வருவதே இல்லை. யார் மன்னித்தார்கள் இவரை? நாம்தான், ஒரு கோப்பைத் தேநீருக்கு.

இவர் நெருப்பு நாட்டுக்காரர் என்று அந்த நகரத்தில் கூவியவன் ஒருவன் உண்டு, ஜெட். நெருப்பு நாட்டுப் படை பெற்றோரைக் கொன்ற அனாதை. முன்பு அணையை உடைத்து ஊரோடு மூழ்கடிக்கத் துணிந்தவன் என்பதால் அவன் பேச்சுக்கு மதிப்பில்லை. அவன் சொன்னது உண்மை. ஆனாலும் நகரத்து ரகசியக் காவல் அவனைப் பிடித்து மூளைச்சலவை செய்கிறது, பிறகு சாகிறான். அந்தச் சாவுகூடத் தெளிவாக இல்லை என்று தொடர் பின்னர் நகைச்சுவை வேறு செய்துகொள்கிறது. மனம் மாறுவதற்கான நேரமும் நிழலும் அரண்மனைப் பிள்ளைகளுக்கு மூன்று பருவங்கள் நீள்கின்றன. அடிபட்டவர் ஒருமுறை தவறினால் கதை அங்கேயே முடிகிறது. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா தோழர்களே?

ஒரே ஒரு இடத்தில் தொடர் ஓடி ஒளியவில்லை. தாயைக் கொன்றவனைத் தேடிக் கட்டாரா போகிறாள். மன்னித்துவிடு என்று ஆங் உபதேசிக்கிறான். அவள் அவனைக் கண்டுபிடிக்கிறாள், பனி ஈட்டிகளை அவன் முகத்துக்கு நேரே நிறுத்துகிறாள், கொல்லாமல் திரும்புகிறாள். மன்னித்துவிட்டாயா என்றால், இல்லை, ஒருபோதும் இல்லை என்கிறாள். ஆமையும் வரவில்லை, அற்புதமும் இல்லை. பதினான்கு வயதுப் பெண் தன் கோபத்தைத் தானே சுமந்துகொண்டு நடக்கிறாள்.

கடைசிக் காட்சியில் எல்லோரும் பா சிங் செவில் ஐரோவின் தேநீர்க்கடையில் கூடியிருக்கிறார்கள். சூக்கோ இப்போது நெருப்பு நாட்டின் புதிய அரசன். ஹாமா இருக்கும் சிறைக் கதவை அவன் திறந்தானா என்று அந்த 61 பகுதிகளில் யாரும் கேட்கவில்லை.