கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம்

“கம்ப்யூட்டர் லேக் ஆகுதுப்பா.” பல வீடுகளில் பேச்சு இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. அடுத்த வரி, “புதுசு வாங்கணும்.” அதற்கு அப்பாவின் பதில், “கேம் விளையாட நாலாயிரம் வெள்ளியா?” அதோடு சாப்பாட்டு மேசை அமைதியாகிவிடும்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நண்பர்கள் ஐந்து பேர் குழுவாக ஆடும்போது, தன் திரை நின்று நின்று ஓடுவதால் குழுவே தோற்கிறது என்றால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. நாலாயிரம் ரிங்கிட் என்பது பல குடும்பங்களில் ஒருவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதுவும் சின்ன விஷயம் இல்லை. இந்த இருவருக்கும் நடுவே யாரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது: லேக் என்று சொல்வது எதை?

லேக் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு நோய்கள் உலவுகின்றன.

முதலாவது இணையத் தாமதம். படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் எதிராளி ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவார், நீங்கள் சுட்டது தாமதமாகப் போய்ச் சேரும். விளையாட்டில் ‘பிங்’ என்று காட்டும் எண் ஏறி இறங்கினால் இதுதான் காரணம். நம் வட்டாரத்தில் பிரபலமான பல விளையாட்டுகளின் சர்வர்கள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன. தூரம் பெரிய தடை இல்லை. பெரும்பாலும் வீட்டு வைஃபையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். இந்த நோய்க்கு நாலாயிரம் வெள்ளிக் கணினி வாங்கினாலும் குணமாகாது.

இரண்டாவது, ஃபிரேம் குறைவு. தொடக்கம் முதல் முடிவு வரை படமே இழுத்து இழுத்து நகரும். மூன்றாவது, திணறல். பெரும்பாலான நேரம் நன்றாக ஓடும். சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் மட்டும் அரை விநாடி உறையும்.

இந்தத் திணறலைப் புரிந்துகொள்ள என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். காரில் வானொலி கேட்டுக்கொண்டு போகிறீர்கள். ஒலி கொஞ்சம் சன்னமாக இருந்தால் காது பழகிக்கொள்ளும். ஆனால் நிமிடத்துக்கு இரண்டு முறை அறுந்து அறுந்து வந்தால் அலைவரிசையை மாற்றிவிடுவீர்கள். கண்ணும் அப்படித்தான். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. அதில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் சராசரிக் கணக்கில் பெரிதாகத் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் எண் பெரிதாக இருப்பதைவிட, சீராக இருப்பதுதான் முக்கியம்.

எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். விளையாட்டு ஓடும்போது விண்டோஸ் விசையையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் கேம் பார் வரும். அதிலுள்ள பெர்ஃபார்மன்ஸ் பெட்டியில் ஃபிரேம் எண்ணிக்கை, சிபியு, ஜிபியு, நினைவகம் ஆகியவற்றின் பயன்பாடு தெரியும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதன்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

என் அக்கா மகன் படிவம் நான்கில் படிக்கிறான். “சித்தி, இது செத்துப்போச்சு, அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க” என்று தன் மூன்று வருட மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் அவன் பக்கம் பேசுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து அளந்தோம். ஃபிரேம் நாற்பதைத் தாண்டவில்லை. ஆனால், தனியாக இருந்த கிராஃபிக்ஸ் சிப் ஏறக்குறைய சும்மா இருந்தது! இப்படிப்பட்ட மடிக்கணினிகளில் இரண்டு கிராஃபிக்ஸ் உண்டு: பேட்டரியை மிச்சப்படுத்த, பிராசஸரோடு சேர்ந்த சின்னது ஒன்று, விளையாட்டுக்கென்று தனியாக ஒன்று. அவனுடைய விளையாட்டு சின்னதில் ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய பெரியது தூங்கிக்கொண்டிருந்தது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போனால் செயலிகளின் பட்டியல் வரும். விளையாட்டைத் தேர்ந்தெடுத்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினோம். மறுபடி அளந்தபோது ஃபிரேம் எழுபதைத் தொட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. தாளில் எண்ணை எழுதினான்.

அடுத்து, திரையின் புதுப்பிப்பு வேகம். அதே டிஸ்ப்ளே பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையை விளம்பரம் பார்த்து வாங்கியவர்களில் சிலர், அது 60-இலேயே நிற்பதைக் கவனிப்பதில்லை. கணினி எத்தனை ஃபிரேம் தந்தாலும், அந்தத் திரை விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும். மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: திரையின் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, அல்லது மதர்போர்டில் உள்ள துளையிலா? மதர்போர்டில் என்றால், வாங்கிய கார்டு முழுதாக உழைக்க வழியில்லை.

மூன்றாவது, மின்சாரம். ‘பவர் அண்டு பேட்டரி’ பக்கத்தில் பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நான்காவது, பின்னணிக் கூட்டம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் திணறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பிரவுசரில் திறந்து கிடக்கும் முப்பது பக்கங்களை மூடுங்கள். ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியில், கணினியோடு சேர்ந்தே விழித்துக்கொள்ளும் செயலிகளில் தேவையில்லாதவற்றை அணையுங்கள். செட்டிங்ஸில் கேமிங் பகுதிக்குள் ‘கேம் மோடு’ இயக்கத்தில் இருக்கட்டும். விளையாடும்போது விண்டோஸ் அப்டேட் குறுக்கே வராமல் அது பார்த்துக்கொள்ளும். அதே இடத்தில் ‘கேப்சர்ஸ்’ உள்ளே, பின்னணியில் எப்போதும் பதிவுசெய்யும் வசதி இருக்கும். வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, விளையாட்டுக்குள்ளேயே இரண்டு வேலை. நிழல் தரத்தை முதலில் குறையுங்கள். கணினிக்கு அதிகச் சுமை தருபவற்றில் நிழலும் ஒன்று, ஆட்டத்தின் சூட்டில் யாரும் அதை ரசிப்பதில்லை. 1920-க்கு 1080 என்ற அளவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1280-க்கு 720 என்றால் 9 இலட்சத்துச் சொச்சம், பாதிக்கும் குறைவு. பிறகு, கணினியால் எப்போதும் தர முடிந்த ஓர் எண்ணில் ஃபிரேமுக்கு வரம்பு கட்டுங்கள். தொண்ணூறுக்கும் நாற்பதுக்கும் இடையே குதிப்பதைவிட நிலையான அறுபது எவ்வளவோ மேல்.

இனி பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. வேகம் தேடும் பிள்ளைகள் இரண்டு குறுக்கு வழிகளில் போய் மாட்டிக்கொள்ளலாம். ஒன்று, ‘கேம் பூஸ்டர்’ என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். இன்னொன்று, யாரோ எழுதிய நீண்ட கட்டளைகளைக் காப்பி செய்து, நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது. இவற்றில் சில ஆன்டிவைரஸை அணைக்கும், சில விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்திவிடும். பல வீடுகளில் மகன் விளையாடும் அதே கணினியில்தான் அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கிறார், அப்பா வருமான வரிப் படிவத்தை நிரப்புகிறார். நாலு ஃபிரேமுக்காகக் கதவைத் திறந்து வைத்தால் யார் உள்ளே வருவார் என்று சொல்ல முடியாது.

‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதியை அணைக்கச் சொல்லும் ஆலோசனையும் சுற்றி வருகிறது. அணைத்தால் சில கணினிகளில் வேகம் கூடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. ஆபத்தும் கூடும் என்பதையும் சேர்த்தே சொன்னது. குடும்பக் கணினி என்றால் அதைத் தொடாதீர்கள். செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டாம். விண்டோஸ் 11-இல் வாலரண்ட் போன்ற விளையாட்டு அது இல்லாமல் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததையும் நினைவில் வையுங்கள். அங்கே வேகத்தைவிடப் பாதுகாப்புதான் முதல் கவலை.

கடைசியாக நம் ஊர் வெயில். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தளர்ந்தால் அது பெரும்பாலும் சூடு. பிராசஸர் அளவு மீறிச் சூடாகும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அக்கா மகன் மெத்தையில் வைத்துதான் விளையாடுவானாம். காற்றுத் துளைகள் அத்தனையும் போர்வைக்குள். மேசைக்கு மாற்றினோம், விசிறியில் அடைந்திருந்த தூசியைச் சுத்தம் செய்தோம். திணறல் பெருமளவு நின்றது. அவன் அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினான். அத்தான் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “அப்ப எட்டு ஜிபி ரேம் பத்தாதா?” என்று கேட்டார். சில வாரங்களாக அந்த வீட்டில் நடக்காத பேச்சு அது.

எல்லாக் கணினியும் இப்படிப் பிழைத்துக்கொள்ளாது. மாற்றங்கள் எல்லாம் செய்த பிறகும் ஜிபியு நூறு விழுக்காட்டிலேயே நின்று ஃபிரேம் ஏறவில்லை என்றால், அந்தக் கணினி தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது என்று பொருள். நினைவகம் மட்டும் பற்றவில்லை என்றால், கூடுதலாக ஒரு ரேம் போட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதுக் கணினியைவிட அது மிகக் குறைந்த செலவு. அதன்பின் லோயாட் பிளாசாவோ சிம் லிம் சதுக்கமோ போங்கள். கையில் அந்தத் தாள் இருக்கட்டும். எது குறைகிறது என்று தெரிந்து போகிறவரிடம், தேவையில்லாததை விற்பது கடினம்.